அப்பாவின் தூண்டில் யாருக்குச் சொந்தம்?

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். எனக்கு வயது 49. பாளையங்கோட்டையில் வசிக்கிறேன், வங்கியில் வேலை. கணவர் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறார். ஒரே மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். குறை என்று சொல்லிக்கொள்ள வீட்டில் ஒன்றும் இல்லை. என் பிரச்சினையெல்லாம் என் தம்பிதான்.

எங்கள் அப்பா 2024 நவம்பரில் தவறிப்போனார். 78 வயது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு முன்னறை நாற்காலியில் சாய்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. நான் வங்கிக்குப் போயிருந்த நேரத்தில் தம்பி வந்து, அப்பாவின் தூண்டில் சாமான்கள் அத்தனையையும் மூட்டை கட்டி எடுத்துப்போய், அம்பாசமுத்திரத்தில் யாரோ ஒரு பையனிடம் கொடுத்துவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

'இவ்வளவுதானா' என்று உங்களுக்குத் தோன்றலாம். என் கணவருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. மூன்று மூங்கில் கம்பு, 1998-ல் சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த ஒரு ரீல் தூண்டில், முள்ளும் ஈயக்குண்டும் தங்கூசு நரம்பும் போட்டு வைத்திருந்த துருப்பிடித்த பிஸ்கட் டப்பா. விற்றால் ஆயிரம் ரூபாய் பெறாது. காசுக்காகப் பேசுகிறவள் இல்லை நான். காரியத்தன்று நானே அவற்றை எடுத்து, துடைத்து, அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தேன். வந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்துத்தான் அழுதார்கள். அப்படி வைத்ததை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி எடுக்கத் தோன்றியது அவனுக்கு?

அப்பாவைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். விக்கிரமசிங்கபுரம் மில்லில் நூற்புப் பிரிவில் 36 வருடம் வேலை பார்த்தவர். இரவு ஷிப்ட் முடிந்து காலையில் சங்கு ஊதியதும் மற்றவர்கள் தூங்கப் போவார்கள், அப்பா சைக்கிளை ஆற்றுப் பக்கம் திருப்புவார். கம்பைச் சைக்கிள் பாரில் கட்டியே வைத்திருப்பார். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும் எங்களுக்கு வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுத்தார்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். எதற்குக் கீழே எந்த மாதம் என்ன மீன் ஏறும் என்பதும் அவருக்கு மனப்பாடம். பாபநாசம் கோயில் படித்துறையில் மட்டும் தூண்டில் போட மாட்டார். அங்கே பொரி வாங்கிப் போட்டுவிட்டு, காலைக் கடிக்கிற மீன்களோடு பேசிக்கொண்டு நிற்பார். பல நாள் வெறும் பையோடுதான் வீட்டுக்கு வருவார். மீன் கிடைத்த நாளுக்கும் கிடைக்காத நாளுக்கும் முகத்தில் வித்தியாசமே இருக்காது. அம்மாவுக்கு அதுதான் எரிச்சல். 'பிடித்தால் எனக்கு முள் ஆய்கிற வேலை, பிடிக்காவிட்டால் எனக்குக் குழம்புக்கு வழி தேடுகிற வேலை' என்பாள்.

ஆறு வயதிலிருந்து நானும் கூடப் போவேன். வாழைத் தோட்டத்து ஈர மண்ணில் புழு தோண்டி, கொட்டாங்குச்சியில் மண்ணோடு எடுத்து வருவது என் வேலை. மயிலிறகுக் காம்பை நறுக்கித் தக்கை செய்வதும் என் வேலை. நுனிக்கு அம்மாவுக்குத் தெரியாமல் நகச்சாயம் பூசுவேன், அலைச்சலான தண்ணீரிலும் சிவப்பாகத் தெரிய வேண்டும் என்று. அதில் ஒரு தக்கை அந்த பிஸ்கட் டப்பாவில் கடைசிவரை இருந்தது. ஒருநாள் வாய்க்கால் மதகுப் பக்கம் விரால் ஒன்று மேலே வந்து வாயைத் திறந்து காற்றை வாங்கிக்கொண்டு போனது. அப்பா என் தோளை அழுத்தி, 'விரால் தண்ணீரிலேயே கிடந்தாலும் மேலே வந்து ஒரு மூச்சு எடுத்துவிட்டுத்தான் போகும் தாயி. வரவிடாமல் அமுக்கி வைத்தால் தண்ணீருக்குள்ளேயே செத்துப்போகும்' என்றார். காது மந்தமானவர் என்பதால் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். விரால் ஓடிவிட்டது. இரண்டு பேரும் சிரித்தோம்.

13 வயதில் நான் பெரியவளானேன். அதோடு ஆறு நின்றது. அம்மாவும் ஆச்சியும் நிறுத்தினார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. என் இடத்துக்குத் தம்பி போனான். அவனுக்குப் புழுவைத் தொடவே அருவருப்பு, ஒரு தக்கை செய்யத் தெரியாது. ஆனால் இன்று ஊரில் எல்லாரும் 'அப்பாவைப் போலவே பிள்ளை' என்று அவனைத்தான் சொல்கிறார்கள்.

அம்மா 2019-ல் போனபிறகு அப்பாவை நான்தான் வைத்துக்கொண்டேன். மருந்து நான், மருத்துவமனை நான், காதுக்கருவி வாங்கியது நான். தம்பிக்கு அம்பாசமுத்திரத்தில் சின்னதாக எலெக்ட்ரிகல் கடை, ஏற்கெனவே ஒரு கடனில் நான் கைகொடுத்திருக்கிறேன். அதையெல்லாம் சொல்லிக்காட்டுகிறவள் இல்லை நான். அப்பா இங்கே வந்த பிறகும் சனிக்கிழமை காலை பஸ் ஏறிச் சேரன்மகாதேவிக்குப் போய்விடுவார். துணி சுற்றிய கம்போடு ஏறுகிற கிழவரைக் கண்டக்டர்களுக்கெல்லாம் தெரியும். 2023 டிசம்பர் 17, 18-ல் வந்த வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். குறுக்குத்துறை முருகன் கோயில் தண்ணீருக்குள் போனது, எங்கள் தெருமுனைவரை ஆறு வந்தது. வெள்ளம் வடிந்தும் படித்துறைகளில் வண்டல் போகவில்லை. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அப்பா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. அரை மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறார். ஆடு மேய்க்கிற ஒருவர் பார்த்துத் தூக்கியிருக்கிறார். யாரோ ஒரு எண்ணிலிருந்து எனக்கு வந்த அந்தப் போன் இன்னும் காதில் இருக்கிறது. இருதயக் கோளாறும் இருப்பதால் இனி ஆற்றுப் பக்கமே போகக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தம்பி அன்றைக்கு மருத்துவமனை வாசலிலேயே ஆரம்பித்தான். 'தனியாக அனுப்ப வேண்டாம் என்றுதானே சொல்கிறார், ஞாயிற்றுக்கிழமை நான் வந்து கூட்டிப்போகிறேன் அக்கா' என்றான். பத்து மணி என்றால் பன்னிரண்டுக்கு வருகிறவன் அவன். அவனை நம்பி அனுப்ப முடியுமா? தூண்டில்களை எடுத்து மாடி அறையில் வைத்தேன். (அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன், நான் வேலைக்குப் போன நேரத்தில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாதே என்று. அந்த ஒன்பது மாதத்தில் அவர் சாவியை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அது வேறு விஷயம்.) நான் சொல்ல வந்தது, சாமான்களைப் பத்திரமாக வைத்திருந்தது நான் என்பதைத்தான். கம்பில் கரையான் ஏறாமல் வேப்பெண்ணெய் தடவி வைத்ததும் நான்தான்.

அப்பா என்னிடம் எவ்வளவு பாசம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தார் சாயங்காலம் வந்து உட்கார்வார். ஆற்றுக்குப் போகவில்லையா என்று அவர் கேட்டால், 'எங்கே, என் மகள் என்னை விடமாட்டாள்' என்று சிரித்துக்கொண்டே சொல்வாராம். துக்கத்துக்கு வந்தபோது அவர்தான் சொன்னார்.

இப்போது தம்பி என்ன சொல்கிறான் தெரியுமா? 'அப்பா சொல்லித்தான் கொடுத்தேன்' என்கிறான். எப்போது சொன்னார்? என்னோடு இருந்தவர், என்னிடம் சொல்லாததை அவனிடம் ஏன் சொல்லப்போகிறார்? தலைத்திதிக்கு வேறு வழியில்லாமல் ஒரே கூரைக்குக் கீழே நின்றோம். பெரிய கட்லாவை மார்போடு அணைத்தபடி அப்பா நிற்கிற படத்தை வாட்ஸ்அப்பில் வைத்திருக்கிறான். இலை போட்ட இடத்தில் அப்பாவின் மீன் கதைகளைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைக்கிறான். நான் அடுக்களையில் நின்று அழுதேன். அப்போதுகூட என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை அவன்.

தூண்டிலைத் திரும்பக் கேட்பது தவறா? அந்தப் பையன் வீட்டுக்கே போய்க் கேட்கலாமா? தம்பியை மன்னிக்கத்தான் வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், எப்படி மன்னிப்பது? அவன் செய்தது சரியா, நீங்களே சொல்லுங்கள். எனக்குத் தூண்டில் பெரிதில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான்.

இப்படிக்கு,
பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

---

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. நான் கரூர்ப் பக்கத்துக்காரி, காவிரியில் தண்ணீரைவிட மணலையே அதிகம் பார்த்து வளர்ந்தவள். ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்து முடித்தபோது நகச்சாயம் பூசிய அந்தத் தக்கை என் கண்ணுக்குள்ளேயே மிதந்துகொண்டிருந்தது. அப்பாவை அருகிலிருந்து பார்த்த ஒரு பெண்தான் இப்படி எழுத முடியும். உங்கள் தம்பிக்குக் கதை சொல்லத் தெரியும் என்கிறீர்கள். உங்களுக்கும் தெரியும்.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறை பென்சிலோடு. 'ஒரு வார்த்தை' என்பது நான்கு இடத்தில் வருகிறது, நான்கும் தம்பி கணக்கில். சாவி வருவது அடைப்புக்குறிக்குள். அதை மூடுவதற்கு முன் 'அது வேறு விஷயம்' என்று முத்திரையும் குத்திவிட்டீர்கள். வங்கிக்காரர் அல்லவா, எதை எந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது என்று உங்களுக்குத் தெரியும். மன்னியுங்கள், நான் அந்தப் பெட்டியைத்தான் திறக்கப்போகிறேன். தூண்டிலைத் திரும்பக் கேட்கலாமா, தம்பியை எப்படி மன்னிப்பது என்ற கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகு தாமாகவே சிறிதாகிவிடும் என்று நினைக்கிறேன்.

மருத்துவர் என்ன சொன்னார்? ஆற்றுப் பக்கமே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார் என்று ஓரிடத்தில் எழுதுகிறீர்கள். அடுத்த பத்தியிலேயே, 'தனியாக அனுப்ப வேண்டாம் என்றுதானே சொல்கிறார்' என்று தம்பி கேட்டதாக எழுதுகிறீர்கள். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை என்று நீங்கள் தம்பியை மறுக்கவில்லை. அவன் நேரத்துக்கு வரமாட்டான் என்றுதான் மறுத்தீர்கள். அப்படியென்றால் மருத்துவர் சொன்னது 'தனியாக' என்ற சொல்லோடுதான் இருந்திருக்கிறது. அந்தச் சொல் உங்கள் நினைவிலிருந்து எங்கோ நழுவிவிட்டது. அதைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும் என்பதால்தான் அது நழுவியது.

ஆகவே, கசந்தாலும் நேராகச் சொல்கிறேன். பயந்தது உங்கள் தவறு இல்லை. அந்தப் போன் யாருக்கு வந்திருந்தாலும் பயந்திருப்பார்கள். கொஞ்ச நாள் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் தவறில்லை. அப்பாவிடம் பேசாமல், அவர் வேண்டியதை அவரைக் கேட்காமல், 78 வயதுக்காரரின் பொருளைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டது தவறு. பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் மண்ணெண்ணெயை வைப்பது மாதிரி வைத்துவிட்டீர்கள். தம்பி வருகிறேன் என்றபோது மறுத்ததும் தவறு. பத்து மணி என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டுக்கு வருவான், சரி. பன்னிரண்டு மணிக்கும் ஆறு அங்கேயேதான் இருந்திருக்கும். மீன் கிடைக்காமல் போயிருக்கலாம். மீன் கிடைக்காத நாளிலும் அவர் முகம் மாறாது என்று சொன்னது நீங்கள்தான்.

நூற்பு இயந்திரங்களின் இரைச்சலில் 36 வருடம் நின்று காதைக் கொடுத்துவிட்டு வந்த மனிதர், சங்கு ஊதியதும் வீட்டுக்குப் போகாமல் ஏன் ஆற்றுக்குப் போனார் என்று எப்போதாவது யோசித்தீர்களா? குழம்புக்காக இல்லை என்பது உங்கள் அம்மாவுக்கே தெரிந்திருக்கிறது. இரவெல்லாம் இயந்திரத்தின் வேகத்துக்குக் கையை ஓட்டியவர், தக்கை எப்போது அமுங்குகிறதோ அப்போது அமுங்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். யாருடைய மணிக்கும் கட்டுப்படாத நேரம் அவருக்கு வாழ்க்கையில் அது ஒன்றுதான். உங்கள் வீட்டில் வேளைக்கு மருந்து, வேளைக்குச் சாப்பாடு, காதுக்கருவி, சாயங்காலம் பேச தாசில்தார் எல்லாம் இருந்தன. விரால் பற்றி அவர் உங்கள் தோளை அழுத்திச் சொன்னதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. அத்தனை வருடத்துப் பேச்சில் அந்த ஒரு வாக்கியத்தை எனக்கு எடுத்து எழுத உங்களுக்குத் தோன்றியிருக்கிறதே, அது போதும்.

இவ்வளவு சொன்னபிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உங்களைக் குத்திக்கொண்டிருப்பது பூட்டியதுகூட இல்லை, அவர் சாவியைக் கேட்காததுதான். கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பீர்கள், ஒருவேளை இரண்டாவது மாதமே கொடுத்திருப்பீர்கள். கேட்காமல் இருந்து உங்களைத் தண்டித்துவிட்டார் என்று நினைக்கிறீர்கள். அப்படித்தானா? 'என் மகள் என்னை விடமாட்டாள்' என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னதைப் பாசத்துக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எழுதும்போது உங்கள் கை நடுங்கியிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதில் குறையும் இருந்திருக்கலாம். வேறொன்றும் இருந்திருக்கலாம். வண்டலில் அரை மணி நேரம் கையொடிந்து கிடந்த கிழவருக்கு ஆற்றைக் கண்டு முதல்முறையாகப் பயம் வந்திருக்கலாம். எட்டு அணைக்கட்டையும் மனப்பாடமாகச் சொல்கிறவர், எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஊருக்குச் சொல்வாரா? மகள் விடமாட்டேன் என்கிறாள் என்பது அவருக்குக் கௌரவமான காரணமாக இருந்திருக்கலாம். எது உண்மை என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. 'அப்பா உங்களை மன்னித்திருப்பார்' என்று என்னை எழுதச் சொல்லாதீர்கள். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் உங்களைச் சபித்துவிட்டுப் போனார் என்று நீங்கள் இரவில் நினைத்துக்கொள்வதற்கும் அதே அளவுக்குத்தான் ஆதாரம்.

இனி 13 வயதுக்கு வருவோம். அதையும் நான்கு வரியில் தாண்டிப்போய்விட்டீர்கள். புழு தோண்டிய, தக்கை செய்த, விராலைப் பார்த்துச் சிரித்த ஒரு பிள்ளையை ஒருநாள் நிறுத்திவிட்டார்கள். அவள் நன்மைக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. 'அப்பா ஒன்றும் சொல்லவில்லை' என்று மொட்டையாக எழுதி முடித்திருக்கிறீர்கள். அது எனக்குக் கோபமாகத்தான் கேட்கிறது, சகோதரி. இறந்துபோன அப்பாவின் மேல் கோபப்படக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. அவர் நல்லவர், உங்களை உயிராக நினைத்தவர், அந்த ஒரு நாளில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார். இவை மூன்றும் ஒரே மனிதரைப் பற்றியவைதான். படத்துக்கு மாலை போட்டபிறகு நமக்கு இது கஷ்டமாகிவிடுகிறது.

உங்கள் வீட்டில் 'ஒரு வார்த்தை கேட்கவில்லை' என்பது மூன்று முறை நடந்திருக்கிறது. முதலில் உங்களுக்கு. பிறகு உங்களால், அப்பாவுக்கு. கடைசியாகத் தம்பியால், உங்களுக்கு. மூன்றிலும் சிறியது தம்பி செய்ததுதான். ஒரு வருடமாக முழுத்தண்டனை அனுபவிக்கிறவனும் அவன்தான். குற்ற உணர்ச்சிக்கு ஒரு குணம் உண்டு. அது தனியாக நிற்காது, தன் சுமையைத் தூக்க ஓர் ஆளைத் தேடும். உங்களுக்கு ஆள் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைத்துவிட்டான். அதுவும் கடன் வாங்கியவன், நேரத்துக்கு வராதவன், உங்கள் இடத்துக்கு ஆற்றுக்குப் போனவன்.

தம்பி செய்தது சரியா என்று கேட்டீர்கள். உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது தவறு. நீங்கள் இல்லாத நேரம் பார்த்து வந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நேரில் கேட்டால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று அவனுக்கு மருத்துவமனை வாசலிலேயே தெரிந்துவிட்டதே. ஒன்பது மாதம் பூட்டியிருந்த அறை காரியத்தன்று திறந்து, தூண்டில் மாலைக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது, நீங்கள் அதை மரியாதை என்று நினைத்தீர்கள். உயிரோடு இருந்தபோது கொடுக்காததை இப்போது படத்துக்குக் கொடுக்கிறாளே என்று அவனுக்குத் தோன்றியிருக்கலாம். உங்களிடம் அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்பாவைப் போலவே பிள்ளை என்று ஊரில் சொல்வது இந்த விஷயத்தில் சரிதான். உங்கள் வீட்டு ஆண்கள் வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் ஆற்றுக்குப் போய்விடுகிறவர்கள்.

இலை போட்ட இடத்தில் அவன் சிரிக்க வைத்ததைக் குற்றமாக எழுதியிருக்கிறீர்கள். அவனுக்குத் துக்கம் இல்லை என்று அர்த்தம் இல்லை. அப்பாவோடு அவனுக்குக் கணக்கு பாக்கி எதுவும் இல்லை, அதனால் நினைக்கும்போது சிரிப்பு வருகிறது. உங்களுக்கு பாக்கி இருக்கிறது. அதைத் தீர்க்காமல் அந்தக் கட்லா படத்தை உங்களால் பார்க்க முடியாது.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. தூண்டிலைத் திரும்பக் கேட்டு அந்தப் பையன் வீட்டுப் படி ஏறாதீர்கள். தூண்டில் யாருக்குச் சொந்தம் என்றால், இப்போது யார் காலையில் எழுந்து புழு தோண்டுகிறானோ அவனுக்குத்தான். தம்பியை மன்னிக்கவும் முயற்சி செய்யாதீர்கள். மன்னிக்கிற இடத்தில் நீங்கள் இல்லை, அங்கே ஏறி உட்கார்ந்துகொண்டு பேசினால் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'அப்பா உன்னிடம் என்ன சொன்னார்?' ஒரு வருடமாக நீங்கள் கேட்காமல் இருப்பது இந்தக் கேள்வியைத்தான். 'அவனிடம் ஏன் சொல்லப்போகிறார்' என்று நம்பாதவர் மாதிரி எழுதுகிறீர்கள். நம்புகிறீர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். ஒன்பது மாதத்தில் ஏதோ ஒரு நாள், நீங்கள் வங்கியில் இருந்தபோது, தூண்டிலை யாருக்குக் கொடுப்பது என்று அப்பா பேசியிருக்கிறார் என்றால், உங்களிடம் மட்டும்தான் பேசவில்லை என்று ஆகிவிடும். அந்தப் பதிலுக்குப் பயந்து கேள்வியைத் தள்ளிவைத்திருக்கிறீர்கள். கேட்டுவிடுங்கள். நல்ல பதிலாகவே வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் தெரியாத பதில் ஒரு வருடமாக உங்களை என்ன செய்கிறது என்று பாருங்கள். அதைவிட மோசமானது எதுவும் உங்கள் தம்பியின் வாயில் இருக்க முடியாது. அவன் சொல்லி முடித்ததும் சாவியைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள். அவனுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் சொல்லி அவன் கேட்க வேண்டும், அதுதான் காரியம்.

தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால், வேலையில் கவனம் நிற்காமல் இருந்தால், திருநெல்வேலியிலேயே நேரில் ஓர் ஆலோசகரைப் பாருங்கள். கடிதத்தில் நான் செய்ய முடிவது இவ்வளவுதான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் எங்கே தூண்டில் போடுகிறான் என்று தம்பியையே கூட்டிப்போகச் சொல்லுங்கள். பன்னிரண்டு மணிக்கு வந்தாலும் கோபப்படாமல் கிளம்புங்கள். சிவப்பு நுனி வைத்த மயிலிறகுத் தக்கை டப்பாவில் இன்னும் இருந்தால், அதைச் செய்தது யார் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போதெல்லாம் பிளாஸ்டிக் தக்கையைத்தான் கடையில் வாங்குவார்கள், காம்பை எங்கே நறுக்குவது என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. கத்தி ஒன்று கொண்டுபோங்கள். பழைய செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளம் போய் எத்தனை நாளானாலும் படியில் பாசி இருக்கும், தண்ணீர்வரைக்கும் இறங்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். இறங்குங்கள். தனியாக மட்டும் வேண்டாம், தம்பி கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.